வேலையில் சேரும் முன் போதைப்பொருள் பரிசோதனை: கோவைப் பக்கம் ஐ.டி. வேலைக்குப் போகிறவர்கள் அறிய வேண்டியவை

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. நாலைந்து நாள் கழித்து, பின்னணி விவரம் சரிபார்க்கும் ஏஜென்சியிடமிருந்து ஒரு மெயில் வருகிறது. படிப்புச் சான்றிதழ், பழைய சம்பளச் சீட்டு, முகவரிச் சான்று என்று நீளும் பட்டியலின் அடியில் ஒரு வரி இருக்கும்: டிரக் டெஸ்ட், இத்தனை மணி நேரத்துக்குள் முடிக்கவும். சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி, பீளமேடு பக்கத்து ஆபீஸ்களில் அமெரிக்க வங்கி, காப்பீடு, மருத்துவத் துறை கிளையன்ட்டுகளுக்கு வேலை செய்யும் டீமில் சேருகிறவர்களுக்கு இந்த வரி வரக்கூடும். கம்பெனிக்கும் கிளையன்ட்டுக்கும் இடையிலான ஒப்பந்தத்திலேயே இந்த நிபந்தனை எழுதியிருக்கும். அதனால் உள்ளூர் மேனேஜர் நினைத்தாலும் தளர்த்த முடியாது.

இதில் மாட்டுகிறவர்கள் கஞ்சா பிடித்தவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, இருமல் மருந்து சாப்பிடுகிறவர்களும், ஆதாரில் ஒரு பெயரும் ஆஃபர் லெட்டரில் ஒரு பெயருமாக இருப்பவர்களும், கெடு தெரியாமல் விட்டவர்களும் மாட்டுகிறார்கள். கீழே உள்ள படிகள் இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதியவை. பரிசோதனையை ஏமாற்றும் வழி இதில் இல்லை. ஏன் இல்லை என்பது 4-ஆம் படியில் இருக்கிறது.

1. மெயிலைப் படித்ததும் ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியவை

போனில் கேட்காதீர்கள். போனில் கேட்டால் "அதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிங்க, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க" என்றுதான் பதில் வரும். பிறகு பிரச்சனை வந்தால் அந்த வார்த்தைக்கு மதிப்பில்லை. மெயிலில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள்.

முதலில், எந்தப் பேனல், அதாவது எந்தெந்தப் பொருள்களைத் தேடும் சோதனைத் தொகுப்பு என்று கேளுங்கள். ஐந்து வகைப் பேனல் என்றால் பொதுவாக கஞ்சா, கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின் வகை (ஊக்கப் போதைப்பொருள்), ஓபியேட் வகை (அபினி சார்ந்தவை), பி.சி.பி. (மாயத்தோற்றம் உண்டாக்கும் போதைப்பொருள்) ஆகிய ஐந்தும் இருக்கும். பத்து வகைப் பேனலில் பென்சோடயஸபின், பார்பிச்சுரேட் போன்ற மாத்திரை வகைகளும் சேரும். மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு முக்கியமான வித்தியாசம் இதுதான். சில கம்பெனிகள் மதுவையும் சேர்க்கின்றன. மதுவை உடம்பு உடைத்தபின் சிறுநீரில் மிஞ்சும் ஈ.டி.ஜி. என்ற பொருளைப் பார்த்தால், குடித்து இரண்டு மூன்று நாள் ஆனாலும் தெரியலாம். சனிக்கிழமை டாஸ்மாக், திங்கட்கிழமை டெஸ்ட் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, சாம்பிள் எது என்ற கேள்வி. இங்கே பெரும்பாலும் சிறுநீர்தான். எச்சில் டெஸ்ட் என்றால் கடைசி ஒன்றிரண்டு நாள் பயன்பாட்டைத்தான் காட்டும். முடி டெஸ்ட் நம் பக்கம் அபூர்வம். அதில் தலையோடு ஒட்டி வெட்டிய சுமார் 4 சென்டிமீட்டர் முடி ஏறக்குறைய 90 நாள் கதையைச் சொல்லும். பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்திருந்தால் உடம்பு முடியை எடுப்பார்கள். அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வேண்டுமென்றே மொட்டை போட்டதாகச் சந்தேகம் வரும்.

முதல் சோதனையில் ஏதாவது தெரிந்தால் அதே சாம்பிளில் உறுதிச் சோதனை செய்வார்களா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை விடவே கூடாது. காரணம் 8-ஆம் படியில்.

ரிப்போர்ட்டை யார் பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அமெரிக்காவில் ஒரு டாக்டர் இடையில் உட்கார்ந்து, தெரிந்த பொருளுக்கு மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று உங்களைக் கூப்பிட்டுக் கேட்டபிறகுதான் முடிவு கம்பெனிக்குப் போகும். இங்கே அப்படி ஒருவர் இல்லாமல் லேப் ரிப்போர்ட் நேராக ஏஜென்சிக்கும், அங்கிருந்து ஹெச்.ஆருக்கும் போய்விடலாம். அப்படியென்றால் உங்கள் மருந்து விவரத்தை எங்கே, யாரிடம் கொடுப்பது என்பதை டெஸ்ட்டுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

2. பழைய வேலையில் பேப்பர் போடும் (ராஜினாமா கொடுக்கும்) தேதி

நம் ஊர் ஐ.டி. கம்பெனிகளில் நோட்டீஸ் 60 நாள், 90 நாள் என்று இருக்கிறது. ஆஃபர் வந்த உற்சாகத்தில் அன்றைக்கே பேப்பர் போட்டுவிடுகிறார்கள். டிரக் டெஸ்ட்டோ சேருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால்தான் வருகிறது. அந்த நேரத்தில் ஏதாவது சிக்கல் என்றால் பழைய வேலையும் இல்லை, புதியதும் இல்லை.

ஆஃபர் லெட்டரில் "பின்னணிச் சரிபார்ப்புக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டது" என்ற வாக்கியம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டெஸ்ட்டை முதலிலேயே முடித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் ஒத்துக்கொள்ளும். சில, ரிப்போர்ட் 30 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்று மறுக்கும். மறுத்தால் வேறு வழியில்லை. ஆனால் வழக்கமாக மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பேப்பர் போடும் முன் அந்த விஷயத்தை எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

3. மாத்திரைப் பட்டியல் எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில், கடந்த 30 நாளில் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். மெடிக்கல்ஸில் சீட்டு இல்லாமல் வாங்கிய சளி மாத்திரை, சித்த வைத்தியர் கொடுத்த லேகியம், ஜிம்மில் கொடுத்த பவுடர், ஆன்லைனில் வாங்கிய தூக்கச் சொட்டு மருந்து எல்லாமே எழுத வேண்டும். பெயர் தெரியாததற்கு அட்டையைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

இப்போது இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் வகை, நிஜமாகவே பேனலில் உள்ள பொருள். அல்ப்ரசோலம், குளோனசெபம், டயஸபம் எல்லாம் பென்சோடயஸபின் வகை. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் எழுதித் தருகிறார்கள், ஐ.டி. ஆட்கள் நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன், பார்பிச்சுரேட் வகை. கோடீன் கலந்த இருமல் சிரப், வலி மாத்திரை ஓபியேட் வகை. டிரமடாலுக்குத் தனிச் சோதனை உண்டு, சில பேனலில் அதுவும் சேரும். இவை டாக்டர் சீட்டோடு சாப்பிட்டால் தவறே இல்லை. சீட்டு இல்லாமல், ரூம்மேட் கொடுத்தான் என்று சாப்பிட்டால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

டெஸ்ட் வருகிறதென்று இந்த மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பென்சோடயஸபினையோ ஃபீனோபார்பிட்டோனையோ பல மாதம் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் விட்டால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வேலையே போனாலும் வேறு வேலை தேடலாம். சீட்டு இருக்கும்போது பயப்படவும் காரணமில்லை.

இரண்டாம் வகை, போதைப்பொருளே இல்லாமல் முதல் சோதனையைக் குழப்பும் மருந்துகள். முதல் சோதனை பொருளின் வடிவத்தை வைத்து அடையாளம் காணுகிறது, ஜாடை ஒத்திருந்தால் ஏமாந்துவிடும். அசிடிட்டிக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோப்ரசோல், கஞ்சா சோதனையில் தவறான பாசிடிவ் காட்டிய பதிவுகள் உண்டு. இங்கே பாதி ஆபீஸ் அந்த மாத்திரையில்தான் ஓடுகிறது, ஆகவே இதைக் கட்டாயம் எழுதுங்கள். ரானிடிடின், மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின், மனச்சோர்வுக்கும் புகை நிறுத்தவும் கொடுக்கும் புப்ரோப்பியான் ஆகியவை ஆம்ஃபெட்டமின் போலத் தெரியலாம். இருமல் சிரப்பில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் பி.சி.பி. போலத் தெரியலாம். லீவோஃபிளாக்ஸாசின், ஆஃப்லாக்ஸாசின் போன்ற ஆன்டிபயாடிக் ஓபியேட் போலத் தெரியலாம். சாப்பிட்ட எல்லோருக்கும் இப்படி வராது. வந்தால் காரணம் சொல்ல உங்களிடம் பட்டியல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாப்பாட்டில் ஒரே ஒரு பொருளைக் கவனியுங்கள்: கசகசா. கல்யாண வீட்டுக் குருமா, பிரியாணி மசாலா, கசகசாப் பாயசம் எல்லாவற்றிலும் இருக்கும். கசகசா அபினிச் செடியின் விதை. அதில் ஒட்டியிருக்கும் துளி மார்ஃபினும் கோடீனும் சிறுநீரில் நிஜமாகவே தெரியும். அமெரிக்க அரசு ஊழியர் விதியில் ஓபியேட் வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமாக இருந்ததை 1998-ல் 2000 ஆக உயர்த்தியதற்குக் கசகசாவும் ஒரு காரணம். ஆனால் 300 வரம்பு வைத்த கிட்டுகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. டெஸ்ட்டுக்கு முந்தைய மூன்று நாள் கசகசா வேண்டாம். முகூர்த்த மாதமாக இருந்தால் பந்தியில் குருமாவைத் தவிர்த்துவிட்டு ரசம் சாதத்தோடு எழுந்துவிடுங்கள்.

4. கஞ்சா: தெரிந்து பிடித்தது, தெரியாமல் சாப்பிட்டது

தெரியாமல் உள்ளே போகும் வழிகளை முதலில் சொல்லிவிடலாம். ஹோலிக்கு வடநாட்டு நண்பர்கள் அபார்ட்மென்ட்டில் தண்டாய் கொடுப்பார்கள், அதில் பாங் (கஞ்சா இலை விழுது) கலந்திருக்கலாம். கோவை, திருப்பூர்ப் பக்கம் போலீஸ் பிடிக்கும் கஞ்சா சாக்லேட்டுகள் பார்க்கச் சாதாரண மிட்டாய் போலவே இருக்கும். "விஜயா" என்ற பெயரில் ஆயுர்வேத உரிமத்தோடு விற்கும் எண்ணெயும் மாத்திரையும் கஞ்சா இலைச் சாறுதான். விஜயா என்பது அந்தச் செடிக்கே உள்ள பழைய பெயர். தூக்கத்துக்கு, வலிக்கு, மாதவிடாய் வலிக்கு என்று ஆன்லைனில் விளம்பரம் வருகிறது. வாங்கினவருக்கு அது கஞ்சா என்றே தெரிவதில்லை. பாங், விஜயா, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சி.பி.டி. எண்ணெய் எதுவானாலும் அதில் டி.எச்.சி. (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருந்தால் சோதனை காட்டும். எந்த வடிவத்தில் உள்ளே போனது என்று இயந்திரம் பார்க்காது.

பக்கத்தில் இருந்தவர் புகைத்த புகையால் பாசிடிவ் வருமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காற்றோட்டமே இல்லாத அடைத்த அறையில் நீண்ட நேரம் கூடவே உட்கார்ந்திருந்தால் ஒழிய, வழக்கமான வரம்பைத் தாண்டுவது அரிது. அதனால் "நான் பிடிக்கலீங்க, ரூம்மேட்தான்" என்ற விளக்கத்தை யாரும் ஏற்க மாட்டார்கள்.

சோதனை தேடுவது டி.எச்.சி.யை உடம்பு உடைத்தபின் மிஞ்சும் கழிவுப் பொருளை. முதல் சோதனைக்கு வழக்கமான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம், உறுதிச் சோதனைக்கு 15. டி.எச்.சி. கொழுப்பில் கரையும். உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மருத்துவ நூல்கள் சொல்லும் பொதுவான கணக்கு: ஒரே ஒரு தடவை என்றால் சுமார் 3 நாள், வாரம் நாலு தடவை என்றால் 5 முதல் 7 நாள், தினமும் என்றால் 10 முதல் 15 நாள், நீண்ட காலமாக அதிகம் பிடித்தவர் என்றால் 30 நாளுக்கு மேல். இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது. ஆகவே நாள் எண்ணிக் கணக்குப் போட்டு டெஸ்ட்டுக்குப் போகிறவர் சூதாடுகிறார்.

இனி, ஏமாற்று வேலை. எலுமிச்சை, வினிகர், "டீடாக்ஸ்" பானம், ஐந்து லிட்டர் தண்ணீர், வேறொருவர் சாம்பிள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். லேப் கஞ்சாவை மட்டும் பார்ப்பதில்லை. கொடுத்த சில நிமிடத்துக்குள் சிறுநீரின் சூடு 32 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா, சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கழிவான கிரியாட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமாவது இருக்கிறதா, அடர்த்தி சரியா, வேறு ஏதாவது கலந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். நீர்த்துப்போன சாம்பிள் என்றால் மறுபடி கூப்பிடுவார்கள். மாற்றியது, கலந்தது என்றால் டெஸ்ட்டை மறுத்ததாகவே எழுதுவார்கள். பாசிடிவ் வந்தால் சில கம்பெனிகள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி விண்ணப்பிக்க விடும். ஏமாற்றியதாகப் பதிவானால் அந்தக் கதவும் மூடும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கவும் கூடும்.

நேர்மையான வழி ஒன்றே ஒன்று. நிறுத்துங்கள், நிறுத்தி நாளாகட்டும், அப்புறம் இந்த மாதிரி நிபந்தனை உள்ள வேலைக்கு விண்ணப்பியுங்கள். சேர்ந்தபிறகும் முன்னறிவிப்பில்லாமல் டெஸ்ட் வைக்கும் கம்பெனிகள் உண்டு. அதனால் டெஸ்ட்டுக்காக மட்டும் நிறுத்துவது நீண்ட நாள் உதவாது.

சட்டம் பற்றி ஆபீஸ் பேச்சில் உலவும் மூன்று தவறான நம்பிக்கைகளையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

"ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் கேஸ் இல்லை." தவறு. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை "சிறிய அளவு". அதற்கும் ஒரு வருடம் வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. வெறுமனே பயன்படுத்தியதற்கே 27-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அப்படி ஒரு வழக்குப் பதிவானால் அடுத்த கம்பெனியின் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பிலும், பாஸ்போர்ட் போலீஸ் விசாரணையிலும் அது எதிரே வந்து நிற்கும்.

"கிளையன்ட் கலிஃபோர்னியா, அங்கே சட்டப்படி அனுமதி." அங்கே 2024 ஜனவரி 1 முதல், உடம்பில் மிஞ்சிய செயலற்ற கழிவுப் பொருளை மட்டும் வைத்துப் பெரும்பாலான வேலைகளில் ஆளை ஒதுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது உண்மைதான். அது கலிஃபோர்னியாவில் வேலை செய்கிறவருக்கு. கீரணத்தத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு இந்தியச் சட்டமும் கம்பெனி ஒப்பந்தமும்தான்.

"பாங்காக்கில் பிடித்தேன், அங்கே தப்பில்லை." தாய்லாந்து 2022 ஜூனில் தடையை எடுத்தது, 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி கட்டுப்படுத்தியது. எப்படியானாலும் உங்கள் சிறுநீருக்கு எந்த நாடு என்று தெரியாது. அங்கிருந்து பொட்டலமோ மிட்டாயோ பையில் போட்டுக்கொண்டு வந்தால் அது இறக்குமதிக் குற்றம், விமான நிலையத்திலேயே வாழ்க்கை திசைமாறிவிடும்.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

போட்டோ உள்ள அசல் அடையாள அட்டை ஒன்று. ஜெராக்ஸையும் போனில் உள்ள போட்டோவையும் சாம்பிள் எடுக்கும் பல சென்டர்களில் ஏற்பதில்லை. ஏஜென்சி அனுப்பிய அனுமதிக் கடிதத்தை அச்சிட்டு எடுத்துப்போங்கள். அதில் பதிவு எண், பேனல் பெயர், கடைசித் தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் "கார்த்திகேயன் எஸ்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, ஆஃபர் லெட்டரில் இரண்டும் தலைகீழாக. சென்டர் கணினியில் பெயர் ஒத்துவராவிட்டால் சாம்பிள் எடுக்காமல் திருப்பி அனுப்புவார்கள், கெடு ஓடிக்கொண்டே இருக்கும். அனுமதிக் கடிதம் வந்த அன்றே அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அன்றே மெயில் போட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

மருந்துச் சீட்டில் டாக்டர் பெயர், மருத்துவக் கவுன்சில் பதிவு எண், உங்கள் பெயர், மருந்தின் பெயரும் அளவும், தேதி எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். பல கிளினிக்குகளில் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுப்பதோடு சரி. அப்படியென்றால் ஒருமுறை நேரில் போய், லெட்டர்ஹெட்டில் "இன்னாருக்கு இன்ன மருந்து இன்ன தேதியிலிருந்து கொடுத்து வருகிறேன்" என்று நான்கு வரி வாங்கிக்கொள்ளுங்கள். நோயின் பெயரை எழுதச் சொல்ல வேண்டியதில்லை. மெடிக்கல்ஸ் பில்லையும் சேர்த்து வையுங்கள், சீட்டும் பில்லும் ஒரே காலத்தைக் காட்டினால் கேள்வி வராது.

இதையெல்லாம் ஹெச்.ஆருக்கு அனுப்ப வேண்டுமா? வேண்டாம். லேப் டாக்டரிடமோ, ரிப்போர்ட்டைப் பரிசீலிக்கும் மருத்துவரிடமோ கொடுங்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநலம், சிகிச்சை பற்றிய தகவல் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. ஹெச்.ஆர். நேரடியாகக் கேட்டால், "மருத்துவரிடம் கொடுத்திருக்கிறேன், அவர் உறுதி செய்வார்" என்று எழுதுங்கள்.

ஒப்புதல் படிவத்தையும் கையெழுத்துக்கு முன் படியுங்கள். எந்தச் சோதனைக்கு, ரிப்போர்ட் யாருக்கு என்ற இரண்டு இடமும் காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். "எப்போதாவது பயன்படுத்தியதுண்டா" என்ற கேள்வி இருந்தால், எந்தக் காலத்தைக் கேட்கிறார்கள் என்று பார்த்து அதற்கு மட்டும் உண்மையாகப் பதில் எழுதுங்கள்.

6. சென்டருக்குப் போகும் நாள்

திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். சனிக்கிழமை கொடுத்த சாம்பிள் திங்கட்கிழமைதான் நகரும். தீபாவளி, பொங்கல் வாரத்தில் கெடு விழுந்தால் முன்னதாகவே நீட்டிப்புக் கேளுங்கள். கோபி, தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சியில் இருந்துகொண்டு வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போகிறவர்கள், ஊரில் உள்ள கலெக்‌ஷன் சென்டரை ஏற்பார்களா என்று கேளுங்கள். ஏற்றாலும் சாம்பிள் கோவைக்கோ சென்னைக்கோ போக ஓரிரு நாள் கூடும். வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுப்பதைப் பல கம்பெனிகள் இந்தச் சோதனைக்கு ஒப்புவதில்லை.

டிரக் டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் சர்க்கரை, கொழுப்புச் சோதனையோடு சேர்த்து வைத்திருந்தால் தேவை. முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே நடப்பது இதுதான். பை, போன், ஜாக்கெட் வெளியே. கை கழுவிவிட்டு உள்ளே போக வேண்டும். குறைந்தது 30 மி.லி. கேட்பார்கள், இரண்டு பாட்டிலாகப் பிரிப்பதென்றால் 45 மி.லி. வரவில்லையென்றால் பதற வேண்டாம், அமெரிக்க விதிப்படி நடக்கும் சென்டரில் மூன்று மணி நேரம் வரை உட்கார வைப்பார்கள், தண்ணீரும் கொடுப்பார்கள். நடுவில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் மறுத்ததாகப் பதிவாகும். பெண்கள் மாதவிடாய் நாளாக இருந்தால் சொல்லிவிடுங்கள். டிரக் டெஸ்ட் முடிவை அது மாற்றாது, ஆனால் கூடவே செய்யும் சாதாரணச் சிறுநீர்ச் சோதனையில் ரத்தம் தெரிந்து தேவையில்லாத கேள்வி வரும்.

சாம்பிள் கொடுத்ததும் கிளம்பிவிடுகிறார்களே, அங்கேதான் பெரிய தவறு. பாட்டிலை உங்கள் கண் முன்னால் மூடி, சீல் ஒட்டி, அதில் தேதியும் உங்கள் கையெழுத்தும் வாங்க வேண்டும். பாட்டில் எண்ணும் படிவத்து எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். சாம்பிள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்ற அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பெயர் எழுதாத டப்பாவை டிரேயில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பத்து டப்பாவில் ஒன்று மாறினால் நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

7. செலவும் நாளும்

கம்பெனி சொல்லிச் செய்யும் டெஸ்ட்டுக்குப் பெரும்பாலும் கம்பெனிதான் பணம் கட்டும். உங்களைக் கட்டச் சொன்னால், ஐந்து முதல் பத்து வகைப் பேனலுக்குத் தனியார் லேப்களில் பொதுவாக ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய்க்குள் வரும். பில் வாங்கி ஜாயினிங் முடிந்ததும் திரும்பக் கேளுங்கள். உறுதிச் சோதனைக்குத் தனிக் கட்டணம், நீங்கள் கேட்டு வைத்தால் நீங்களே கட்ட வேண்டியிருக்கலாம். லேபுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்தைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று ரிப்போர்ட் தலைப்பில் பாருங்கள்.

முதல் சோதனை முடிவு ஓரிரு நாளில் வரும். உறுதிச் சோதனை என்றால் ஒரு வாரம் வரை ஒதுக்கி வையுங்கள். ஜாயினிங் தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்னால் சாம்பிள் கொடுத்துவிட்டால் மூச்சு விட இடம் இருக்கும்.

8. "நெகடிவ்" என்று வராவிட்டால்

"நான்-நெகடிவ்" என்று இருந்தால் முதல் சோதனையில் ஏதோ தெரிந்தது, இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். அந்த நிலையிலேயே ஆஃபரை ரத்து செய்வதாகச் சொன்னால், உடனே எழுத்தில் மூன்றைக் கேளுங்கள்: எந்த வகை தெரிந்தது, எந்த வரம்பு வைத்தார்கள், எந்த முறையில் சோதித்தார்கள். கூடவே, அதே சாம்பிளில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதிச் சோதனை கேளுங்கள். ஜாடையை வைத்துக் குழம்பும் முதல் சோதனையைப் போலில்லாமல் இந்த முறை பொருளையே தனியாகப் பிரித்து அடையாளம் காணும். பான்டோப்ரசோலால் வந்த தவறு இங்கே விழுந்துவிடும். தாமதிக்காதீர்கள், அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதியில் இரண்டாம் பாட்டிலைச் சோதிக்கக் கேட்க 72 மணி நேரம்தான் கெடு. தனியார் கம்பெனி கெடு அதைவிடக் குறையலாம்.

கோபத்தில் வேறொரு லேபுக்கு ஓடிப் புதிய சாம்பிள் கொடுத்து, "பாருங்கள், நெகடிவ்" என்று ரிப்போர்ட்டை அனுப்புகிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கொடுத்த சிறுநீர் போன வார சிறுநீரைப் பற்றி எதுவும் சொல்லாது. அந்தக் காசை அதே சாம்பிளின் உறுதிச் சோதனைக்குக் கொடுங்கள்.

உறுதிச் சோதனையும் பாசிடிவ், மருந்துச் சீட்டும் இருக்கிறதென்றால் சீட்டைப் பரிசீலிக்கும் டாக்டருக்கு அனுப்புங்கள். சீட்டு இல்லை, காரணம் கஞ்சாதான் என்றால் வாதாடாதீர்கள். மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு, பழைய கம்பெனியில் நோட்டீஸைத் திரும்பப் பெற முடியுமா என்று அன்றைக்கே பேசிப் பாருங்கள்.

9. நிறுத்த நினைக்கிறவர்களுக்கு

தினமும் பிடித்தவர் நிறுத்தினால் முதல் வாரம் கடினம். தூக்கம் வராது, எரிச்சல் வரும், பசி குறையும், வியர்க்கும், கனவுகள் துரத்தும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் தணியும், தூக்கம் சரியாக இன்னும் சில நாள் ஆகலாம். இது தெரியாமல் நான்காம் நாள் "எனக்கு ஒத்துவரல" என்று மறுபடி தொடங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த இடைவெளியில் தூக்க மாத்திரையைச் சுயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்றை விட்டு இன்னொன்றில் மாட்டுவீர்கள்.

14446 என்ற எண், போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். 14416 மனநல உதவிக்கு, தமிழிலேயே பேசலாம். நேரில் போக கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ஈரோட்டுப் பக்கத்தவர்களுக்குப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு வாங்கலாம். காலையிலேயே போய்விடுங்கள்.

போனால் போலீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்குகிறவர்கள் போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்திலோ சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அரசு அல்லது உள்ளாட்சி நடத்தும், அல்லது அங்கீகரித்த நிலையத்தில் சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்கு வழக்கு நடத்தப்படுவதிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். ஆகவே சேர்ந்த நாள், வந்த நாள், முடித்த நாள் எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள். அவற்றையும் மருந்துச் சீட்டுகளையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போடுங்கள். ப்ராஜெக்ட் மாறி வேறு கிளையன்ட்டுக்குப் போகும்போது டெஸ்ட் மறுபடி வரலாம், மாத்திரையின் அளவு மாறியிருந்தால் அதற்குள் புதுச் சீட்டு வாங்கியிருக்க வேண்டும்.